திருகோணமலை என்ற கப்பல்: யார் கட்டினார்கள், எப்படித் தப்பியது, ஏன் இன்னும் மிதக்கிறது

கறுப்பு உடல், நடுவில் வெள்ளைப் பட்டை, அதில் வரிசையாகப் பீரங்கி ஓட்டைகள், மேலே மூன்று பாய்மரம். கொழும்பில் தமிழ் வாட்ஸ்அப் குழு ஒன்றிலாவது இருப்பவர்கள் இந்தக் கப்பலின் படத்தை ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள். கூடவே வரும் குறிப்பு ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், ஆனால் சாரம் ஒன்றுதான்: "திருகோணமலையில் தமிழர் கட்டிய கப்பல், 200 வருடம் கழித்தும் லண்டன் தேம்ஸ் ஆற்றில் மிதக்கிறது."

இதில் 200 வருடம் சரி, மிதப்பதும் சரி. மற்றதெல்லாம் பிழை. ஆனால் பிழையைத் திருத்திவிட்டு விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை இது, ஏனென்றால் உண்மைக் கதை அந்தக் குறிப்பைவிட நன்றாக இருக்கிறது.

முதலில், எந்தக் கப்பல்?

மூன்று கப்பல்களின் கதை ஒன்றாகக் கலந்துதான் இந்தக் குறிப்பு உருவாகியிருக்க வேண்டும். பிரித்துப் பார்ப்போம்.

1. படத்தில் இருப்பது எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி. ட்ரிங்கோமலி என்பது திருகோணமலையின் ஆங்கிலப் பெயர், எச்.எம்.எஸ். என்பது பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் முன்னொட்டு. பிரித்தானியக் கடற்படைக்காக பம்பாயில் கட்டி, 1817 ஒக்டோபர் 12ஆம் திகதி தண்ணீரில் இறக்கிய போர்க்கப்பல். இப்போது நிற்பது லண்டனில் அல்ல, இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள ஹாட்டில்பூல் நகரில். அதுவும் ஆற்றில் இல்லை, பழைய துறைமுகத் தொட்டி ஒன்றில்.

2. தேம்ஸ் கரையில் இருப்பது கட்டி சார்க். 1869இல் ஸ்கொட்லாந்தின் டம்பார்ட்டனில் கட்டிய வணிகக் கப்பல். சீனத் தேயிலையும் பிறகு அவுஸ்திரேலியக் கம்பளியும் ஏற்றியது. 1954இலிருந்து கிரினிச்சில் உலர்தொட்டியில் நிற்கிறது, அதாவது அது மிதக்கவே இல்லை.

3. நம்மவர்கள் கட்டியது அன்னபூரணி. வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல். அமெரிக்கர் ஒருவர் வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டு போய் 1938இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். தமிழர் கட்டிய கப்பல் என்று பெருமைப்பட வேண்டுமானால் இந்த ஒன்றே போதும், வேறொருவர் கப்பலைக் கடன் வாங்கத் தேவையில்லை.

இனி பேசப்போவது முதலாவதைப் பற்றி மட்டும்.

பெயர் எப்படி வந்தது

திருகோணமலைத் துறைமுகம் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் எல்லோருக்கும் வேண்டியிருந்த இடம். வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் இந்தியாவின் கிழக்குக் கரையில் பெரிய கப்பல்கள் ஒதுங்கி நிற்க நல்ல இடம் கிடையாது. மதராஸ் வெறும் திறந்த கடற்கரை. திருகோணமலையோ மலைகள் சூழ்ந்த ஆழமான இயற்கைத் துறைமுகம்.

1782ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஓகஸ்டில் பிரெஞ்சு அட்மிரல் சஃப்ரன் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி அதே கடலில் சஃப்ரனுக்கும் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸுக்கும் பெரிய சண்டை, யாரும் தெளிவாக வெல்லவில்லை. ஒரே வருடத்தில் மூன்று கொடி. பிறகு 1795இல் ஆங்கிலேயர் மறுபடி ஒல்லாந்தரை வெளியேற்றினார்கள், இந்த முறை போகவில்லை. கப்பலின் பெயர் 1782இல் அங்கே நடந்த அந்தச் சண்டையை வைத்து வந்தது என்பார்கள். ஆக அந்தப் பெயர் ஊருக்குச் செய்த மரியாதை என்பதைவிட, பிடித்தவன் போட்ட முத்திரை என்று சொல்வதுதான் பொருத்தம்.

ஏன் பம்பாயில் கட்டினார்கள்

நெப்போலியனோடு நடந்த போர்களில் பிரித்தானியாவின் ஓக் மரம் தட்டுப்பாடாகிவிட்டது. ஒரு போர்க்கப்பலுக்கு நன்றாக முற்றிய பெரிய மரங்கள் ஆயிரக்கணக்கில் தேவை, அவை ஒரு இரவில் வளராது. பம்பாயிலோ மலபார்த் தேக்கு இருந்தது. அதைக் கப்பலாக்கத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். சூரத்திலிருந்து வந்த பார்சிக் குடும்பமான வாடியாக்கள் 1730களிலிருந்தே தலைமுறை தலைமுறையாகக் கிழக்கிந்தியக் கம்பனிக்குக் கப்பல் கட்டி வந்தார்கள். ட்ரிங்கோமலியைக் கட்டியவர் ஜம்ஷெத்ஜி போமன்ஜி வாடியா. 1842இல் சீனா ஹொங்கொங்கை விட்டுக்கொடுத்த நான்ஜிங் ஒப்பந்தம் கையெழுத்தானது எச்.எம்.எஸ். கோர்ன்வாலிஸ் கப்பலின் மேல், அதுவும் இதே பம்பாயில் கட்டியதுதான்.

சரி, தேக்கில் அப்படி என்ன விசேஷம்? இதைப் புரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு கிளாஸ் கடும் பிளேன்ரீ ஊற்றி, சீனி போடாமல், துருப்பிடித்த ஆணி ஒன்றை உள்ளே போட்டு இரவு முழுக்க வையுங்கள். காலையில் பார்த்தால் மை மாதிரிக் கறுத்திருக்கும். தேயிலையில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்ததன் விளைவு அது. ஓக் மரத்திலும் டானின் நிறைய உண்டு. கடல் ஈரத்தில் ஓக் பலகையில் அடித்த இரும்பு ஆணியை அது மெல்ல மெல்லத் தின்னும், ஆணியைச் சுற்றியுள்ள மரமும் கறுத்து இற்றுப்போகும். கப்பல் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே மூட்டுகள் கழன்றுகொண்டிருக்கும்.

தேக்கில் அந்தச் சிக்கல் குறைவு. மரத்திலேயே எண்ணெய்ப் பசை இருப்பதால் இரும்பு பிழைக்கிறது, பூஞ்சணமும் எளிதில் பிடிப்பதில்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பழைய வீட்டை இடிக்கும்போது தேக்குக் கதவு நிலையை மட்டும் பத்திரமாகக் கழற்றி விற்கிறார்களே, காரணம் இதுதான்.

அதற்காகத் தேக்குக் கப்பல் சாகாது என்று நினைத்துவிட வேண்டாம். கடலில் மரத்தைத் துளைக்கும் புழு ஒன்று உண்டு, அதற்குத் தேக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் நீர்மட்டத்துக்குக் கீழே செப்புத் தகடு அடிப்பார்கள். செம்பு இருந்தால் புழு உள்ளே வராது, பாசியும் சிப்பியும் ஒட்டுவது குறையும்.

வரைபடம் மூழ்கியது, போர் முடிந்தது

ட்ரிங்கோமலியைக் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது 1812இல். கப்பலின் வரைபடங்களை எச்.எம்.எஸ். ஜாவா என்ற கப்பலில் பம்பாய்க்கு அனுப்பினார்கள். அந்த டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் ஜாவாவை அமெரிக்கப் போர்க்கப்பலான கொன்ஸ்டிடியூஷன் அடித்து நொறுக்கிவிட்டது. வரைபடமும் போயிற்று. மறுபடி பிரதி எடுத்து அனுப்பி, அது வந்து சேர்ந்து, மரம் சேகரித்து, ஏராவை வைக்கும்போது 1816 ஆகிவிட்டது. ஏரா என்பது கப்பலின் அடியில் நீளத்துக்கு ஓடும் முதுகெலும்பு மரம், அதில்தான் விலா எலும்புகள் மாதிரி வங்குகளைப் பொருத்துவார்கள். பார்சி வழக்கப்படி அந்த மரத்தில் ஒரு வெள்ளி ஆணி அடித்தார்கள்.

ஆனால் 1815இலேயே வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்று, போர் முடிந்துவிட்டது. யாருக்கு எதிராகக் கட்டத் தொடங்கினார்களோ அந்த எதிரி செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்தான். கட்டி முடித்த கப்பலை இங்கிலாந்துக்கு ஓட்டிப் போகும் வழியில், 1819 ஜனவரியில், அதே தீவில் ஆறு நாள் நின்று, நெப்போலியனுக்கு வைத்தியம் பார்த்த ஒரு சத்திரசிகிச்சை மருத்துவரை ஏற்றிக்கொண்டு போனது. கட்டுவதற்கான செலவு 23,000 பவுண்.

இதன் வகையைப் பிரிகேட் என்பார்கள். ஒரே ஒரு முழுப் பீரங்கித் தளம், பெரிய போர்க்கப்பல்களைவிட வேகம், தூரக் கடலில் தனியாக உலாவக்கூடிய கப்பல். ட்ரிங்கோமலி 38 பீரங்கிக்காக வடிவமைத்தது. பீரங்கித் தளத்தின் நீளம் சுமார் 150 அடி.

கட்டிப்போட்ட 25 வருடம்

1819 ஏப்ரல் கடைசியில் போட்ஸ்மவுத் வந்து சேர்ந்த கப்பலை என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. போர் இல்லை, ஆளுக்கும் வேலை இல்லை. 1845 வரை கட்டிப்போட்டார்கள். இந்தக் கப்பல் பிழைத்ததற்கு இதுதான் முதல் காரணம் என்பது என் கருத்து. பாய்மரக் கப்பலைக் கொல்வது வயதல்ல, வேலை. புயலில் முறுக்கேறி, பீரங்கி அதிர்ச்சியில் ஆடி, தரைதட்டி, பழுதுபார்த்து மறுபடி ஓடிய கப்பல்கள் இருபது முப்பது வருடத்தில் தீர்ந்துபோயின.

1845இல் தூக்கியெடுத்து, பீரங்கிகளை 26 ஆகக் குறைத்து, அவற்றைப் பெரிதாக்கி, பின்பக்கத்தை மாற்றிக் கட்டினார்கள். அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், இப்போது நிற்கும் உருவமும் அந்தக் காலத்து வேலைதான்: தலைப்பாகை கட்டிய ஓர் ஆண். இங்கிலாந்துச் சிற்பியின் மனதில் "கிழக்கத்தியன்" எப்படி இருப்பானோ அப்படி. மூதூரிலோ நிலாவெளியிலோ அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஓடியது பத்தே வருடம்

1847 தொடக்கம் 1857 வரை. அவ்வளவுதான். முதல் சில வருடம் வட அமெரிக்க, மேற்கிந்தியப் பகுதியில் அடிமை வணிகக் கப்பல்களைத் தடுக்கும் ரோந்து, 1852க்குப் பிறகு பசிபிக். பெயர் சொல்லும்படியான கடற்போர் எதிலும் இது பங்கெடுக்கவில்லை. ஆனால் பீரங்கி வெடிக்காததால் கை சுத்தம் என்று சொல்ல முடியாது. 1856இல் வன்கூவர் தீவில் கொவிச்சன் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் வெள்ளைக்காரக் குடியேறி ஒருவரைச் சுட்டுக் காயப்படுத்தினார் என்று, ஆளுநர் ஜேம்ஸ் டக்ளஸ் நூற்றுக்கணக்கான ஆயுதக்காரர்களோடு இந்தக் கப்பலைக் கூட்டிக்கொண்டு போய், அவரைப் பிடித்து அங்கேயே விசாரித்து அங்கேயே தூக்கிலிட்டார். கப்பலின் வேலை அதுதான்: குடாவில் வந்து நின்றாலே போதும், ஊர் அடங்கும்.

அந்தப் பக்கத்துக் கடற்பாதை ஒன்றுக்கு இன்றும் ட்ரிங்கோமலி கால்வாய் என்றுதான் பெயர், இந்தக் கப்பலை வைத்து வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் படகுப் பயணம் போகும் நம் சொந்தக்காரர்கள் வரைபடத்தில் அதைக் கண்டு திகைப்பதில் ஆச்சரியமில்லை.

இரண்டாவது வேலை

1857க்குப் பிறகு பாய்மரக் காலமே முடிந்துகொண்டிருந்தது. இந்த இடத்தில் "ஹல்க்" என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடுவதை நிறுத்தி, ஓர் இடத்தில் நிரந்தரமாகக் கட்டி, உடலை மட்டும் பயன்படுத்தும் கப்பல் அது. நிலக்கரி கொட்டி வைக்க, கைதிகளை அடைக்க, ஆட்களைப் பயிற்ற, எதற்கும் ஆகும். உலகத்துத் துறைமுகங்களிலும் நதிகளிலும் இன்று அருங்காட்சியகமாக நிற்கும் பழைய பாய்க்கப்பல்களில் பல இந்த அவமானத்தைக் கடந்து வந்தவைதான். மெல்பனில் யாரா ஆற்றோரம் நிற்கும் பொலி வுட்சைட்டும் நிலக்கரித் தொட்டியாகக் கிடந்த கப்பல், 1968இல் ஒரு சதத்துக்கு விற்றார்கள்.

ட்ரிங்கோமலியின் வரிசை இப்படி:

1. 1860களின் தொடக்கத்தில் கடற்படைச் சேமப்படைக்குப் பயிற்சிக் கப்பல். முதலில் சண்டர்லண்ட், பிறகு ஹாட்டில்பூல், 1877க்குப் பின் சவுத்தாம்ப்டன் பக்கம்.

2. 1897 மே மாதம் உடைத்து விற்கக் கொடுத்துவிட்டார்கள். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

3. அடுத்த மாதமே வேறொரு கப்பல் உடைந்தது. பிரித்தானிய அட்மிரல் நெல்சனின் பழைய கொடிக்கப்பலான (தளபதி இருக்கும் தலைமைக் கப்பல்) ஃபூத்ரொயான் என்பதை ஜோர்ஜ் வீட்லி கொப் என்ற பணக்காரர் வாங்கி, ஊர் ஊராகக் காட்டிவந்தார். 1897 ஜூன் 16ஆம் திகதி புயலில் அது பிளக்பூல் கரையில் மோதிச் சிதறியது. கொப்புக்கு மாற்றுக் கப்பல் தேவைப்பட்டது. உடைப்பவரிடம் கிடந்த ட்ரிங்கோமலியை வாங்கி, பெயரையும் மாற்றி ஃபூத்ரொயான் ஆக்கிவிட்டார்.

4. அதன் பிறகு ஃபல்மவுத்திலும் போட்ஸ்மவுத்திலும் இளைஞர்களுக்குக் கடல் பயிற்சி தரும் கப்பலாக 1986 வரை. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதில் தொட்டில்படுக்கை கட்டித் தூங்கினார்கள், தளம் தேய்த்தார்கள், திருகோணமலை என்ற சொல்லையே கேள்விப்படாமல்.

இதோடு ஒப்பிட இன்னொரு கப்பல் பக்கத்திலேயே கட்டிப்போட்டிருந்தது. இம்ப்ளேக்கபிள் என்று பெயர். 1805இல் பிரித்தானியரோடு நடந்த டிரஃபல்கார் கடற்போரில் பிரெஞ்சுப் பக்கம் நின்று, பிறகு பிடிபட்ட கப்பல். வரலாற்று மதிப்பு என்று பார்த்தால் ட்ரிங்கோமலி அதற்குக் கிட்டவே வராது. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பழுதுபார்க்கப் பணம் இல்லை என்று, 1949 டிசம்பர் 2ஆம் திகதி பிரித்தானியக் கொடியும் பிரெஞ்சுக் கொடியும் ஏற்றி, வெடிவைத்து ஆங்கிலக் கால்வாயில் மூழ்கடித்தார்கள். புகழ் கப்பலைக் காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

ஏன் ஹாட்டில்பூல்

1987இல் ட்ரிங்கோமலியைப் பெரிய மிதவைக் கப்பல் ஒன்றின் மேல் ஏற்றி ஹாட்டில்பூலுக்குக் கொண்டுவந்தார்கள். காரணம் எளியது: தொழில் தெரிந்த கை அங்கே இருந்தது. பிரித்தானியாவின் முதல் இரும்புக் கவசப் போர்க்கப்பலான வொரியரை அந்த நகரத்தில்தான் எட்டு வருடம் புதுப்பித்து அதே 1987இல் போட்ஸ்மவுத்துக்கு அனுப்பியிருந்தார்கள். கப்பல்கட்டும் தளங்கள் மூடி, வேலையில்லாமல் இருந்த ஊர் அது. இருந்த தச்சர்களும் கொல்லர்களும் கலைவதற்கு முன் அடுத்த கப்பல் வந்தது. 1990இல் தொடங்கிய வேலை 2001இல் முடிந்தது, செலவு சுமார் 1 கோடி 5 இலட்சம் பவுண். நடுவில், 1992இல், பழைய பெயர் திரும்பியது.

"உலகிலேயே பழையது" என்ற சிக்கல்

படத்தோடு இந்த வரியும் வரும். எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

1. கடற்படைச் சேவையில் இன்னும் பதிவாகியுள்ள மிகப் பழைய போர்க்கப்பல்: எச்.எம்.எஸ். விக்டரி, 1765. ஆனால் 1922இலிருந்து உலர்தொட்டியில்.

2. சேவையில் பதிவாகி, மிதந்தும் கொண்டிருப்பது: பொஸ்டனில் உள்ள கொன்ஸ்டிடியூஷன், 1797. ஆமாம், ட்ரிங்கோமலியின் வரைபடத்தை மூழ்கடித்த அதே கப்பல்.

3. மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களில் மிகப் பழையது: ட்ரிங்கோமலி.

ஸ்கொட்லாந்தில் டே ஆற்றோரம் டண்டி நகரில் நிற்கும் யூனிகோர்ன் இதே வடிவத்தில் 1824இல் கட்டியது. அதற்குப் பாய்மரமே நடவில்லை, மேலே கூரை போட்டு அப்படியே வைத்துவிட்டார்கள்.

மிதக்கவிடுவதா, மேலே ஏற்றுவதா

இது வெறும் சாதனைப் பட்டியல் விஷயம் இல்லை. மரக்கப்பலின் உடல், சுற்றிலும் தண்ணீர் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டியது. தண்ணீரை எடுத்துவிட்டால் முழுப் பாரமும் ஏராவிலும் முட்டுக்கொடுத்த சில இடங்களிலும் இறங்கும், பக்கங்கள் தொய்ந்து வெளியே பிதுங்கும். விக்டரிக்கு நடந்தது அதுதான். பழைய இரும்புத் தாங்கிகளை எடுத்துவிட்டு, இப்போது 134 தனித்தனி முட்டுகளை வைத்துத் தாங்குகிறார்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்று அளந்தபடி.

மிதந்தால் வேறு தலைவலி. நடுப்பகுதியைத் தண்ணீர் மேலே தள்ளும், ஒடுங்கிய இரு முனைகளும் கீழே தொங்கும், வருடக்கணக்கில் முதுகு வில் மாதிரி வளையும். வற்றுப்பெருக்குள்ள ஆற்றில் கட்டினால் இன்னும் மோசம், தண்ணீர் வற்றும்போது சேற்றில் உட்கார்ந்து எழும்பி உட்கார்ந்து எழும்பியே மூட்டுகள் தளரும். தண்ணீர் மட்டம் மாறாத தொட்டி ட்ரிங்கோமலிக்கு வாய்த்தது நல்லது.

இத்தனைக்கும் மேலே, மரக்கப்பலுக்குக் கடல்நீரைவிட மழைநீர் ஆபத்தானது. உப்பு பூஞ்சணத்தை ஓரளவு தடுக்கும், நல்ல தண்ணீர் அதை வளர்க்கும். தளப்பலகைகளின் இடுக்கில் நாரைத் திணித்து மேலே கீல் (தார்) ஊற்றி அடைப்பதை நம் கரையோர ஊர்களில் கலப்பத்து என்பார்கள். தூத்துக்குடித் தோணிகள் வெங்காயமும் ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு வந்த காலத்தில் ஒவ்வொரு தோணிக்கும் அது வாடிக்கையான வேலை. ஹாட்டில்பூலிலும் அதே வேலைதான். வெயிலில் பலகை சுருங்கும், இடுக்கு திறக்கும், மழை இறங்கும். ஆள் வந்து பழைய நாரைச் சுரண்டி எடுத்து, புது நாரை உளியும் சுத்தியலும் வைத்து அடித்து இறக்கி, கீல் ஊற்றி, அடுத்த இடுக்குக்கு நகர்வார்.